தாம்பரம்: மதிலுக்குள் காடு, மதிலுக்கு வெளியே தண்ணீர்

தெற்கிலிருந்து வரும் ரயில் விடியற்காலையில் தாம்பரத்தில் நின்றால் பாதிப் பெட்டிகள் காலியாகிவிடுகின்றன. எழும்பூர் வரை பயணச்சீட்டு எடுத்தவர்களில் பலரும் இங்கேயே இறங்குகிறார்கள். அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு, முறுக்கு டின், தூக்கம் கலைந்து சிணுங்கும் குழந்தை என்று நடைமேடை நிறைகிறது. “சென்னைக்கு வந்து சேர்ந்தாச்சு” என்று ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் சொல்கிறார். பக்கத்து நடைமேடையில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் பெண் ஒருவர், “சென்னை வரைக்கும் போயிட்டு சாயந்திரம் வந்துடுவேன்மா” என்று வீட்டுக்குச் சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தாம்பரம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். 2021இல் தனி மாநகராட்சி ஆனது. 2022இல் தனிக் காவல் ஆணையரகமும் வந்தது. ஆனாலும் நெல்லையிலோ நாகர்கோவிலிலோ இருப்பவர்களுக்கு இது சென்னையின் வாசல்படி.

வாசல்படி என்று சொல்லிக் கடந்துபோகும் ஊரை நின்று பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் கேட்ட முதல் கேள்வி, “ஈஸ்ட்டா, வெஸ்ட்டாண்ணா?” இந்த ஊரில் முகவரி அங்கிருந்துதான் தொடங்குகிறது. தண்டவாளத்துக்குக் கிழக்கே சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம். மேற்கே சண்முகம் சாலை, கடப்பேரி, முடிச்சூர் சாலை. பெண் எடுப்பதிலும் வீடு தேடுவதிலும்கூட ஈஸ்ட்டுக்காரர்கள் ஈஸ்ட்டையும் வெஸ்ட்டுக்காரர்கள் வெஸ்ட்டையும்தான் முதலில் சொல்வார்கள். தண்ணீருக்கும் ஏறக்குறைய இதே கோடுதான். கிழக்கே பெய்யும் மழை பெரும்பாலும் ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. மேற்கே பெய்வது அடையாற்றுக்குப் போகிறது. ஊரைச் சுற்றி நடந்து முடித்தபோது, தாம்பரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தத் தண்ணீர்க் கணக்கில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ரயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அன்று அது மீட்டர் கேஜ் பாதை. 2004 வரைக்கும் இந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் ஓடின. ரயிலின் கடைசி நிலையம் தாம்பரம், பணிமனையும் இங்கேதான். அதனால் காலையில் ஏறுபவர்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. சிறிய செய்தியாகத் தெரியலாம். ஆனால் பாரிமுனையிலும் கோட்டையிலும் வேலை பார்த்த ஒரு தலைமுறை எழுத்தர்கள் இங்கே மனை வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். மேற்குத் தாம்பரத்தில் பழைய வீடொன்றின் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், ஓய்வு பெறும் வரை தலைமைச் செயலகத்தில் இருந்தவர், சொன்னார்: “போகும்போது ஜன்னலோர சீட்டு, வரும்போது கோட்டையில ஏறித் தொங்கிட்டு வருவோம் தம்பி. அந்த ஜன்னல் சீட்டுக்காகத்தான் எங்கப்பா இங்க இடம் வாங்கினார்னு என் சம்சாரம் இன்னைக்கும் சொல்லுவா.”

சண்முகம் சாலை காலை எட்டு மணிக்கே கொதித்துக்கொண்டிருக்கிறது. காய்கறி, பாத்திரம், பூ, நைட்டி, பள்ளிக்கூடப் பை, கொய்யாப்பழ வண்டி. முடிச்சூர், மணிமங்கலம், படப்பைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் கடைவீதி. கீரைக் கட்டு விற்கும் அம்மாவிடம் எந்த ஊர்க் கீரை என்று கேட்டேன். படப்பைக்கு அந்தப் பக்கம் என்றார். முன்பு எங்கிருந்து வந்தது என்றேன். “முன்னெல்லாம் எதுக்கு அவ்ளோ தூரம்? இந்தா, முடிச்சூர்லயே விளைஞ்சுது” என்று மேற்கே கையைக் காட்டினார். அந்தக் கை காட்டிய திசைக்கு மாலையில் போவதாக முடிவுசெய்தேன்.

முதலில் ஒரு நிலையம் வடக்கே போனேன். நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம். காசநோய் மருத்துவமனையின் பெயரைத் தாங்கிய நிலையம். இந்தப் பெயரைச் சொல்லவே ஒரு காலத்தில் வீடுகளில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இன்று அங்கே இறங்குகிற கூட்டத்தில் பெரும்பாலோர் மெப்ஸ் என்று எல்லோரும் சொல்லும் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகும் இளம்பெண்கள். அது 1984இல் தொடங்கியது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. மேம்பாலத்தில் அவர்கள் ஒரு பக்கமும், நெஞ்சைப் பிடித்தபடி மெல்ல நடக்கும் நோயாளிகள் மறுபக்கமும் பிரிகிறார்கள்.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுபவை மரங்கள்தான். கட்டடங்கள் தள்ளித் தள்ளி, இடையில் நிழலும் வெட்டவெளியுமாக இருக்கின்றன. இடத்தை வீணாக்கியிருக்கிறார்கள் என்று இன்றைய கட்டுமானக்காரர் யாரும் சொல்வார். ஆனால் அந்த இடைவெளிதான் அன்றைக்கு மருந்து. 1928இல் இதைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து. இங்கிலாந்தில் பல ஆண்டுகள் இருந்தவர். அங்கே சாமர்செட் பகுதியில் மெண்டிப் மலையில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். சீனிவாச ராமானுஜன் 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அதே கப்பலில் பயணம் செய்தவர். பிறகு ராமானுஜன் நோயுற்றபோது அவரை அந்த மெண்டிப் மலையில் வைத்துப் பார்த்தவரும் இவர்தான். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு இன்னும் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு இவைதான் வைத்தியம். அதற்கு நகரத்திலிருந்து தள்ளி, மரமும் மேட்டு நிலமும் உள்ள இடம் வேண்டியிருந்தது. பச்சைமலை அடிவாரத்தில் அந்த இடம் அவருக்குக் கிடைத்தது. பின்னர் 1937இல் அரசு இதை எடுத்துக்கொண்டது.

மருந்து வந்த பிறகு இந்த மருத்துவமனைக்கு வேலை குறைந்திருக்க வேண்டும். 1959இல் வெளியான சென்னை ஆய்வு, வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிடுபவர்களும் சானடோரியத்தில் தங்கியிருப்பவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்று உலகத்துக்குக் காட்டியது. அதன் பிறகு பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டன. இது மூடப்படவில்லை. 1986இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. 1990களில் வேறு மருத்துவமனைகள் தொடத் தயங்கிய அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது தாம்பரம் சானடோரியம். நாட்டின் மிகப் பெரிய எச்ஐவி சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. 2004 ஏப்ரலில் கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகத் தரும் திட்டம் நாட்டில் தொடங்கியபோது முதல் சில மையங்களில் இதுவும் இருந்தது. ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். வெளி நோயாளிகள் பிரிவின் அருகே தேநீர்க் கடை வைத்திருப்பவர் சரளமாகத் தெலுங்கு பேசுகிறார். “வேற எங்க போனாலும் எட்டி நில்லுன்னு சொல்லுவாங்க சார். இங்கதான் பக்கத்துல உக்கார வெச்சுப் பேசுவாங்கன்னு அவங்களே சொல்லுவாங்க” என்றார். ஒரு ஊருக்குக் கிடைக்கக்கூடிய நற்சான்றிதழ்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அதிகாலையிலேயே வரிசை தொடங்கிவிடும் என்கிறார்கள். நான் போனபோது வரிசை வளைந்து மர நிழல் வரை வந்திருந்தது. கஷாயப் புட்டிகளோடு வெளியே வருபவர்களைப் பார்த்துக்கொண்டே கிழக்கே திரும்பினேன்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். 1837இல் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் அது. நூறு ஆண்டுகள் ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. அங்கே விரிவதற்கு இடமில்லாமல் போனதால் 1937இல் சேலையூர்க் காட்டில் 350 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள இந்த நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. கட்டடங்களை வடிவமைத்தவர் ஹென்றி ஷாட்டி என்ற சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர். ஆனால் வளாகத்தை இன்றிருப்பதுபோல் ஆக்கியவர்கள் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்சும் அவர் மனைவி ஆலிஸ் பார்ன்சும். அவர்கள் வந்தபோது இது வெட்டப்பட்டு, மேயப்பட்டு, கட்டாந்தரையாகக் கிடந்த முள்காடு. அவர்கள் மரங்களை நட்டார்கள். அதைவிட முக்கியமாக, முள்காட்டை முள்காடாகவே மீண்டும் வளர விட்டார்கள். களா, காரை, சூரை போன்ற புதர்களைக் களை என்று பிடுங்காமல் விட்டதால்தான் இன்று இந்த நிலத்தின் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று நம்மால் பார்க்க முடிகிறது. புள்ளிமான்கள் விடுதிக்குப் போகும் பாதை ஓரத்தில் நிற்கின்றன. மாணவர்கள் அவற்றைப் பார்த்து நிற்பதுகூட இல்லை. அவ்வளவு பழக்கம்.

கூட வந்த தாவரவியல் ஆசிரியர் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக் காட்டினார். சரளைச் செம்மண், மேலே இலைச் சருகு. “மழை பெஞ்சா இங்க தண்ணி ஓடாது. அப்படியே உள்ள போயிடும். இந்த மதிலுக்கு அந்தப் பக்கம் போங்க, அரை மணி நேர மழைக்கே முழங்கால் தண்ணி.”

அவர் சொன்ன மதிலைப் பற்றித்தான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் மிச்சமிருக்கும் பச்சை எல்லாம் மதிலுக்குள் இருக்கிறது. சானடோரியத்துக்கு மதில். கல்லூரிக்கு மதில். கேம்ப் ரோடு பக்கம் போனால் இந்திய விமானப் படைத் தளத்தின் நீண்ட சுவர். விமானப் படையின் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் அங்கே இருக்கிறது, நாட்டின் பல தலைமுறை விமானப் பயிற்சியாளர்கள் அங்கே படித்தவர்கள். சுவருக்கு மேலே தெரிவது மரங்களின் உச்சி மட்டும். தெற்கே வண்டலூரில் 1985 முதல் உயிரியல் பூங்கா. 1855இல் தொடங்கி நகரத்தின் நடுவில் இருந்த மிருகக்காட்சிசாலை, இடம் போதாமல் காட்டோரத்துக்கு வந்தது. நகரத்துக்கு இடமில்லாத ஒவ்வொன்றையும் இந்தத் திசைக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள்: நோயாளிகளை, மாணவர்களை, விமானப் படையை, புலியையும் யானையையும், 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்துக்குத் தென்மாவட்டப் பேருந்துகளை. முதலில் வந்தவை தங்களுக்கென்று மதில் எழுப்பிக்கொண்டன. அந்த மதில்களால் காடு பிழைத்தது.

மதில் இல்லாதவை ஏரிகள். அவை எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை. அதனாலேயே போய்விட்டனவா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பல நூற்றாண்டுகள் பொதுவாக இருந்தும் அவை நிலைத்திருந்தன. ஏனென்றால் ஒவ்வொரு ஏரிக்கும் ஓர் ஆயக்கட்டு இருந்தது. ஏரித் தண்ணீரில் பாசனம் செய்தவர்கள் கோடையில் தூர் வாரினார்கள், கரை உடைந்தால் மண் போட்டார்கள், மதகைப் பார்த்துக்கொண்டார்கள், கலங்கல் வழியாகப் போகும் உபரி நீரை அடுத்த ஏரிக்கு அனுப்பினார்கள். வயல் மனையானதும் ஏரிக்கு ஆள் இல்லாமல் போயிற்று. மனை வாங்கி வந்தவர்களுக்கு ஏரி தேவைப்படவில்லை, போர்வெல் இருந்தது. ஆளில்லாத ஏரிக்குள் முதலில் குப்பை வந்தது, அடுத்துக் கழிவுநீர், அதன்பின் ஓரமாக வீடுகள், அவற்றுக்குப் பின்னால் சாலையும் மின் இணைப்பும். மின் இணைப்பு வந்துவிட்டால் ஏரி என்ற பேச்சே முடிந்துவிடும்.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் இந்தக் கதையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு காலத்தில் இதன் ஓரத்தில் குப்பை மலைபோல் கிடந்தது. வீடுகளின் கழிவுநீர் உள்ளே விழுந்தது. ஏரியின் பரப்பு சுருங்கிக்கொண்டே வந்தது. அப்போது சிட்லபாக்கம் ரைசிங் என்ற பெயரில் இங்கே குடியிருப்பவர்கள் சேர்ந்தார்கள். ஐடி வேலைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள். விடுமுறைக் காலைகளில் கையுறை போட்டுக்கொண்டு குப்பை அள்ளினார்கள், மனு கொடுத்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். 2019இல் இந்த ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. இப்போது கரையில் நடைபாதை இருக்கிறது. நான் போனது வெயில் தாழ்ந்த நேரம். நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன.

நடைப்பயிற்சிக்கு வந்த அம்மா ஒருவர், கரையில் நின்று சுட்டிக்காட்டியபடி சொன்னார்: “நாங்க வந்தப்போ இந்தப் பக்கம் ஜன்னலே திறக்க மாட்டோம் சார். கொசுவும் நாத்தமும். இப்ப என் மருமக, ஏரி பார்த்த மாதிரி வீடு இருக்கான்னு தேடறா.” சற்று நின்றுவிட்டு, “ஆனா கழிவுநீர் முழுசா நிக்கல. அதையும் எழுதுங்க” என்றார். எழுதிவிட்டேன்.

இந்த ஏரியின் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போக வேண்டும். செம்பாக்கத்திலிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை. சங்கிலியில் ஓர் ஏரியை மட்டும் சீராக்கினால் போதாது என்பது இந்தக் கரையில் நின்றால் யாருக்கும் புரியும். போக்குக்கால்வாய் எங்கே என்று கேட்டுக்கொண்டே தெருத்தெருவாக நடந்தேன். சில இடங்களில் கால்வாய் இருக்கிறது. சில இடங்களில் கால்வாயின் மேல் சிமெண்டுப் பலகை, அதன் மேல் இருசக்கர வாகனங்கள். சில இடங்களில் கால்வாய் என்று சொல்லப்பட்ட இடத்தில் ஒரு வீட்டின் சமையலறை. அந்த வீட்டுக்காரர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாழ்நாள் சேமிப்பையும் வருங்கால வைப்பு நிதிக் கடனையும் போட்டு, பத்திரம் பதிந்து, வரி கட்டி வாங்கியவர்கள் அவர்கள். தண்ணீர் போகும் பாதையை மனையாகப் பிரித்து விற்றவர்களும், அதற்கு முத்திரை குத்திக் கொடுத்தவர்களும் அந்தத் தெருவில் குடியிருக்கவில்லை.

மாலை தொடங்கும் நேரத்தில் திருநீர்மலைக்குப் போனேன். இன்று இதுவும் தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத்தான் 70 வார்டுகளோடு மாநகராட்சியை உருவாக்கினார்கள். அதனால் இந்தியாவின் பழைய கற்காலத்துக்கு முதல் சான்று கிடைத்த இடமும் இதற்குள் வந்துவிட்டது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், ராணுவ அணிவகுப்புத் திடலை ஒட்டிய சரளைக் குழியில், ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். பல்லாவரத்தில் அதைச் சொல்லும் ஒரு நல்ல அருங்காட்சியகம் இருந்தால் எத்தனை பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருநீர்மலை 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கீழே நீர்வண்ணர் நின்ற கோலத்திலும், மேலே நரசிம்மர் இருந்த கோலத்திலும், அரங்கநாதர் கிடந்த கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்திலும் இருக்கிறார்கள். நான்கு கோலங்களையும் ஒரே தலத்தில் பார்க்கலாம் என்பது இதன் சிறப்பு. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். வடியும் வரை ஆறு மாதம் எதிரே தங்கியிருந்து சேவித்தார் என்பது தலவரலாறு. படியேறி மேலே நின்று பார்த்தேன். ஒரு பக்கம் ஏரி. அந்தப் பக்கம் புறவழிச் சாலையில் லாரிகள். தொலைவில் விமான நிலையத்தின் ஓடுபாதை. இவற்றுக்கு நடுவே, கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரியும் அடையாறு. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீரை வாங்கிக்கொண்டு, முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை வழியாக ஓடி, ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, சைதாப்பேட்டை தாண்டிக் கடலுக்குப் போகும் ஆறு. கோடையில் தாண்டிவிடலாம் போல இருக்கும். ஆறு மாதம் தங்கியிருந்த ஆழ்வாரின் கதையை அர்ச்சகர் சொல்லி முடித்தபோது, பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர், “2015ல நாங்களும் மொட்டை மாடியில நின்னு இப்படித்தான் வடியட்டும்னு பார்த்துட்டு இருந்தோம்” என்றார். அவர் வீடு முடிச்சூரில்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு முன்பே, நவம்பர் நடுவிலேயே மூழ்கிவிட்டன. இவை இருப்பது செம்பரம்பாக்கத்து நீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கு மேலே. இங்கே வந்த வெள்ளம் மணிமங்கலம், ஆதனூர், பெருங்களத்தூர்ப் பக்கத்து ஏரிகள் நிறைந்து வழிந்த வெள்ளம். படகும் ஹெலிகாப்டரும் வந்துதான் ஆட்களை மீட்டார்கள். பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரையை உயர்த்தினார்கள். ஆனாலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் தண்ணீர் வந்தது.

முடிச்சூர் சாலையில் ஷேர் ஆட்டோவில் போகும்போது இரண்டு பக்கமும் கடைகள், கல்யாண மண்டபங்கள், பள்ளிகள், புதிய அடுக்குமாடிகள். காலையில் கீரைக்கார அம்மா கை காட்டிய வயல்களைத் தேடினேன். உள்தெருக்களுக்குள் திரும்பிய பிறகுதான் நிலத்தின் சாய்வு காலுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு தெருவும் முந்தையதைவிடக் கொஞ்சம் கீழே இருக்கிறது. வயலாக இருந்தபோது இந்தச் சாய்வுதான் பாசனம். கோடையில் இதே தெருக்களில் தண்ணீர் லாரி நிற்கும் என்றார் பெட்டிக்கடைக்காரர். மழைக் காலத்தில் வீட்டைக் காலி செய்ய வைக்கும் தண்ணீர், மே மாதத்தில் லாரியில் விலைக்கு வருகிறது.

ஒரு தெருவில் வீட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருப்புகிறார்கள். மேஸ்திரி குரல் கொடுக்க, வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் திருப்ப, மாடியோடு கூடிய வீடு விரலளவு விரலளவாக உயர்கிறது. ஏற்கெனவே மூன்றடி ஏறியிருந்தது. இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டே வருகிறார்கள். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். “இடிச்சுக் கட்ட வசதி இல்ல சார். வித்துட்டுப் போகவும் மனசில்ல. மூணு தடவை பிரிட்ஜ், பீரோ, மெத்தை எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு. பொண்ணோட கல்யாண ஆல்பம் போச்சு. அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணேன்” என்றார்.

எதிர்வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். ஒற்றைத் தளம், முன்னால் முருங்கை மரம். அவர் வீட்டு வாசல் இப்போது சாலைக்குக் கீழே இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே புதிய சாலை போட்டுப் போட்டு, தெரு உயர்ந்துவிட்டது. நான்கு படி இறங்கி வீட்டுக்குள் போக வேண்டும். “அண்ணன் வீட்டைத் தூக்கிட்டாரு. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லப்பா. யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. ஆனா அவங்க வீட்டுக்குப் போற தண்ணியும் சேர்ந்து இனிமே எங்கிட்டதானே வரும்?”

வாங்க காட்டறேன் என்று தெருவின் கடைசிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு சிறுபாலம். அடியில் கால்வாய். பத்தடி தூரம் தெளிவாகத் தெரிகிறது, அதன் பிறகு ஒரு காலிமனையின் சுற்றுச்சுவர் குறுக்கே நிற்கிறது. சுவரின் அடியில் ஒரு குழாய் மட்டும் விட்டிருக்கிறார்கள், அதுவும் மண் மூடிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் கால்வாய் மறுபடியும் தொடங்கி ஆற்றை நோக்கிப் போகிறது. கட்டியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. பழைய வரைபடத்தில் இந்தக் கால்வாய் 12 அடி அகலம் என்று பக்கத்துத் தெரு ஆசிரியர் எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னார்.

அந்த வரைபடத்தின் நகலை இணைத்து மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தெருவில் இருபத்துச் சொச்சம் வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு. வீட்டைத் தூக்குபவரின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. அம்மா தன் பிரதியை உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார். சாலையை இனி சுரண்டிவிட்டுப் போட வேண்டும், சுவரை உடைத்துக் கால்வாயைப் பழைய அகலத்துக்குத் திறந்துவிட வேண்டும், இரண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் முடிய வேண்டும் என்று மூன்று வரியில் கேட்டிருக்கிறார்கள். நான் படிப்பதற்காகக் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் பேரன், “பாட்டி, செப்டம்பர் 30னு தேதி போட்டுக் கேட்கணும்னு சொன்னேன்ல, சேர்த்தாங்களா?” என்று எட்டிப் பார்த்தான். கடைசி வரியில் சேர்த்திருந்தார்கள்.